தம்பி ஸ்பீடா போகல, ஆனா ஸ்பீடிங் பண்ணிட்டாரு

வாசகி கேள்வி (கொஞ்சம் சுருக்கியிருக்கேன்):

அக்கா, நாங்க சிங்கப்பூர்ல ஈசூன்ல இருக்கோம். என் தம்பி ஒரு கட்டுமான கம்பெனியில லாரி ஓட்டுறான், ஊர்லேர்ந்து வந்து ஆறு வருஷம் ஆச்சு. போன மாசம் எஸ்எல்இ எக்ஸ்பிரஸ்வேயில மணிக்கு 82 கிலோமீட்டர்ல போனான்னு ஸ்பீடிங் நோட்டீஸ் வந்துச்சு. "நான் ஸ்பீடாவே போகலக்கா, எல்லா காரும் என்னை ஓவர்டேக் பண்ணித்தான் போச்சு, ரோட்ல 90ன்னு போர்டு வச்சிருக்கான்"னு சாதிக்கிறான். கம்பெனியில விளக்கம் எழுதிக் கேட்டிருக்காங்க, தமிழ்ல எழுதினா போதும் நாங்க இங்கிலீஷ்ல மாத்திக்கிறோம்னாங்க. ஸ்பீடிங்குக்கு தமிழ்ல என்ன போடுறது? போன்ல தட்டினா 'வேகப்படுத்துதல்'னு வருது, ஃப்ரெண்டு ஒருத்தி 'அதிவேகம்'னு போடுங்கறா, பக்கத்து வீட்டு அண்ணன் 'தாறுமாறாக ஓட்டியது'ன்னு போடச் சொல்றாரு. இதுக்கு நடுவுல செகண்டரி டூ படிக்கிற என் பொண்ணு, ஸ்கூல் நாடகத்துல 'காட்ஸ்பீட்'னு ஒரு வசனம் வருது, அப்படின்னா கடவுளோட வேகமாம்மான்னு கேட்டு என் உயிரை வாங்குறா. ரெண்டுக்கும் சேர்த்து ஒரு பதில் சொல்லுங்க.

பதில்:

தங்கச்சி, முதல்ல உங்க தம்பியைத் திட்டாதீங்க, அவரு பொய் சொல்லல. அவரு பேசினது தமிழ், நோட்டீஸ்ல இருக்கறது இங்கிலீஷ், ரெண்டுலயும் ஸ்பீடுன்னு ஒரே சத்தம் கேக்குறதால ரெண்டும் ஒன்னுன்னு நினைச்சுட்டாரு. நான் இருபது வருஷத்துக்கு மேல இங்கிலீஷ் தமிழ் மொழிபெயர்ப்பு பண்றேன், அதுல பாதி வாய்மொழி வேலை, கோர்ட்டு, இன்சூரன்ஸ் விசாரணை, ஆஸ்பத்திரின்னு போய் நடுவுல உக்காந்து பேசுறது. இந்த ஒரு வார்த்தையில மாட்டிக்கிட்டு முழிச்ச டிரைவருங்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன், எல்லாருமே உங்க தம்பி சொன்ன அதே வரியைத்தான் சொல்லுவாங்க, "நான் ஸ்பீடா போகலயே".

நம்ம வாயில 'ஸ்பீடா போறது'ன்னா என்னன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பக்கத்துல போறவனை விட வேகமா போறது, வளைவுல உள்ள இருக்கறவங்க கம்பியைப் பிடிக்கிற மாதிரி போறது, பார்க்குறவன் "ஏய் பாத்துடா"ன்னு கத்துற மாதிரி போறது. கண்ணாலயும் வயித்தாலயும் அளக்குற விஷயம் அது, நம்பர் கிடையாது. லெஃப்ட் லேன்ல லோடு ஏத்திக்கிட்டு ஒரே சீரா போற லாரியை எந்தத் தமிழனும் ஸ்பீடா போகுதுன்னு சொல்லமாட்டான், அந்த மாதிரி பார்த்தா உங்க தம்பி பேச்சுல தப்பே இல்ல. ஆனா இங்கிலீஷ்காரன் இன்னைக்கு 'ஸ்பீடிங்'னு சொல்றப்போ அதுல கண்ணும் இல்ல வயிறும் இல்ல, ஒரு நம்பர் இருக்கு, அந்த நம்பருக்கு மேல போனீங்களா இல்லையா, அதோட முடிஞ்சது. வயசானவங்க அதிகமா நடமாடுற சில்வர் ஸோன்ல 30 போர்டு வச்ச இடத்துல 42ல போனா பின்னாடி வர்றவன் மெதுவா போறீங்கன்னு ஹார்ன் அடிச்சாலும் அடிப்பான், ஆனா அது ஸ்பீடிங். 90 போர்டு உள்ள எக்ஸ்பிரஸ்வேயில ஒரு கார் 88ல பறந்து போச்சுன்னா பார்க்க பயமா இருக்கும், அது ஸ்பீடிங் இல்ல.

அந்த நம்பர் ரோட்டுக்கு மட்டும் உள்ளது இல்லைங்கறதுதான் லாரிக்காரங்க கால் தடுக்குற இடம். ரோட்டுக்குன்னு ஒரு வரம்பு, வண்டிக்குன்னு ஒரு வரம்பு, ரெண்டுல எது கம்மியோ அதுதான் உங்களுக்கு. சரக்கோட சேர்த்து 3,500 கிலோவுக்கு மேல அனுமதிச்ச லாரின்னா எக்ஸ்பிரஸ்வேயிலகூட 60தான். போர்டுல 90 இருந்தாலும் அது காருக்கு எழுதினது, உங்க தம்பிக்கு எழுதினது லாரி பின்னாடி வட்டமா ஒட்டியிருக்கும், அதை ஓட்டுறவரு எங்க பார்க்கப் போறாரு, பின்னாடி வர்றவங்களுக்குத்தான் தெரியும்! 3,501லேர்ந்து 12,000 கிலோ வரைக்குமான லாரிகளுக்கு ஸ்பீடு லிமிட்டர், அதாவது வேகம் மேல ஏறாம தடுக்குற கருவி, கட்டாயம்னு கட்டம் கட்டமா கொண்டு வந்துக்கிட்டிருக்காங்க, அதையும் 60லதான் பூட்டுறாங்க. எல்லா காரும் என்னைத் தாண்டிப் போச்சுன்னு அவரு சொல்றது உண்மையாவே இருக்கட்டும், கேள்வி அது இல்லயே.

சரி, இப்ப பொண்ணுகிட்ட வர்றேன், உள்ளதைச் சொன்னா எனக்கு அவ கேள்விதான் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. கடவுளோட வேகமான்னு கேட்டிருக்கா பாருங்க, அவ சிரிச்சாலும் அந்த சந்தேகத்துலதான் முழு கதையும் இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல பேசின பழைய இங்கிலீஷ்ல இந்த வார்த்தை 'ஸ்பேட்'னு இருந்துச்சு, அப்ப அதுக்கு வேகம்ங்கறது முக்கியமான அர்த்தமே இல்ல, வெற்றி, செழிப்பு, அதிர்ஷ்டம், எடுத்த காரியம் கைகூடுறது, இதுதான் அர்த்தம். வினைச்சொல்லா சொன்னா ஜெயிக்கிறது, நல்லா வர்றது. வேகம்ங்கற அர்த்தம் மெதுவா ஓரத்துலேர்ந்து உள்ள வந்து, அப்புறம் வீட்டுக்காரனையே வெளிய தள்ளிடுச்சு. அதனால 'காட்ஸ்பீட்'னா கடவுள் உனக்கு வேகம் குடுக்கட்டும்னு இல்ல, கடவுள் உன் காரியத்தை நல்லபடியா முடிச்சு வைக்கட்டும்னு பிரயாணம் கிளம்புறவனைப் பார்த்து சொல்றது. நம்ம வீட்டுப் பெரியவங்க வாசல்ல நின்னுக்கிட்டு "போன காரியம் ஜெயமாகட்டும்"னு சொல்லுவாங்களே, அச்சு அசல் அதேதான். நாடகத்தைத் தமிழ்ல போட்டா அந்த வசனத்துக்கு இதையே வச்சுக்கலாம், ஒரு எழுத்து மாத்த வேண்டியதில்ல.

வெற்றி எப்படி வேகம் ஆச்சுன்னு அவ அடுத்து கேப்பா, அதுக்கும் பதிலை இப்பவே தயாரா வச்சுக்குங்க. தடை இல்லாம நடக்குற காரியம் சீக்கிரம் முடியும், அவ்வளவுதான் சூட்சமம். நம்ம தமிழ்லயே பாருங்களேன், "கடை ஓடுதா?"ன்னு கேக்குறோம், "படம் நூறு நாள் ஓடிச்சு"ங்கறோம், கடைக்கு காலா இருக்கு, ஆனா ஓடுறதுன்னா ஜெயிக்கிறதுன்னு யாரும் சொல்லிக்குடுக்காமலே நமக்குத் தெரியும். நாம ஓட்டத்துலேர்ந்து வெற்றிக்குப் போனோம், அவங்க வெற்றியிலேர்ந்து ஓட்டத்துக்கு வந்திருக்காங்க, பாதை ஒன்னுதான், எதிரெதிர் திசை.

அந்தப் பழைய அர்த்தம் இன்னும் ஒரு இடத்துல செத்தும் சாகாம கிடக்கு. 'மோர் ஹேஸ்ட், லெஸ் ஸ்பீட்'னு ஒரு பழமொழி இருக்கு இல்லையா, ஸ்கூல்ல கண்டிப்பா சொல்லிக் குடுத்திருப்பாங்க. ஸ்பீடுன்னா வேகம்னு வச்சுப் படிச்சா அது உளறல் மாதிரி இருக்கும், அவசரம் கூடினா வேகம் குறையுமா என்னன்னு தோணும். ஸ்பீடுன்னா காரியம் கைகூடுறதுன்னு வச்சுப் படிங்க, பளிச்னு விளங்கிடும். அவசரத்துல அண்டாவுக்குள்ள கூட கை போகாதுன்னு எங்க அம்மா காலையில ஸ்கூல் பையோட நாங்க ஓடுறப்பல்லாம் சொல்லும், அதேதான்.

இந்த வார்த்தைக்கு சொந்தக்காரங்களும் நிறைய. டச்சு மொழியில 'ஸ்பூட்'னா அவசரம், பெல்ஜியத்துல டச்சு பேசுற பக்கம் ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வாசல்ல அந்த வார்த்தைதான் எழுதியிருக்கும். ஜெர்மன்ல 'ஸ்பூட்டன்'னா சீக்கிரம் பண்ணுன்னு விரட்டுறதுக்கு. லத்தீன்ல நம்பிக்கைக்கு 'ஸ்பெஸ்'னு சொல்லுவாங்க, அதுவும் இதே வேர்தான்னு மொழியியல்காரங்க சேர்க்குறாங்க, சமஸ்கிருதத்துல செழிச்சுப் பெருகுறதுக்கு உள்ள ஒரு வினையையும் இந்தக் குடும்பத்துலயே வைக்கிறாங்க. ஒரே வயித்துப் பிள்ளைங்க, ஒன்னு நம்பிக்கை, ஒன்னு செழிப்பு, ஒன்னு எமர்ஜென்சி வார்டு, நம்ம இங்கிலீஷ் பிள்ளைக்கு மட்டும் சம்மன் வந்துடுச்சு.

சம்மன் எப்படி வந்துச்சுங்கறதுதான் உங்க தம்பி கதைக்கு ஒட்டுறது. மோட்டார் வண்டி வர்றதுக்கு முன்னாடி குதிரை வண்டியை கண்ணு மண்ணு தெரியாம ஓட்டினா தண்டிக்கிறதுக்கு இங்கிலாந்துல சட்டம் இருந்துச்சு, 1861ல வந்த சட்டத்துல அதுக்கு 'ஃபியூரியஸ் டிரைவிங்'னு பேரு, ஆவேசமா ஓட்டுறதுன்னு வச்சுக்குங்களேன். அதுல நம்பர் இல்ல, ஓட்டினவன் மனசு எப்படி இருந்துச்சு, பார்த்தவன் என்ன சொல்றான், அதுதான் கணக்கு. எனக்கு இந்த இடம் வர்றப்பல்லாம் நம்ம 'ஆத்திரம்' ஞாபகம் வரும். "ஆத்திர அவசரத்துக்கு உதவும்"னு சொல்றோமே, அந்த ஆத்திரம் கோபம் இல்ல, பதட்டம், அவசரம். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு"ல வர்றதும் பாதி அவசரம் பாதி கோபம். இன்னைக்கு தனியா ஆத்திரம்னு சொன்னா கோபம் மட்டும்தான் மனசுல வருது. அந்தக் காலத்து இங்கிலீஷ் சட்டம் பிடிச்சது வண்டிக்காரனோட ஆத்திரத்தை, நம்ம வார்த்தையோட ரெண்டு அர்த்தத்துலயும்.

அப்புறம் மோட்டார் வண்டி வந்துச்சு, கூடவே நம்பரும் வந்துச்சு. 1896 ஜனவரி 28, இங்கிலாந்துல கென்ட் மாவட்டத்துல பேடக் வுட்னு ஒரு ஊரு, வால்டர் அர்னால்டுன்னு ஒருத்தரு தன்னோட கார்ல ஊருக்குள்ள போறாரு. அப்ப ஊருக்குள்ள மோட்டார் வண்டிக்கு வரம்பு மணிக்கு 2 மைல், அதாவது நம்ம கணக்குல 3 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அதுக்கும் மேல வண்டிக்கு முன்னாடி ஒரு ஆளு நடந்து போகணும்னு வேற சட்டம். இவரு முன்னாடி ஆளும் விடல, போனது 8 மைல் வேகத்துல. ஒரு போலீஸ்காரரு சைக்கிள்ல விரட்டி விரட்டிப் பிடிச்சிருக்காரு, அந்த வேகத்துக்குன்னு மட்டும் 1 ஷில்லிங் அபராதம். மோட்டார் ஓட்டி வேகத்துக்காக தண்டனை வாங்கினதுல முதல் ஆளுன்னு இவரைத்தான் சொல்றாங்க. படிக்கிறப்போ சிரிப்பு வரும், 8 மைலுன்னா 13 கிலோமீட்டர், ஈஸ்ட் கோஸ்ட் பார்க்குல காலையில ஓடுற பசங்க இதை விட சுறுசுறுப்பா ஓடுவாங்க. ஆனா ரொம்ப சிரிக்காதீங்க, அதே 13 கிலோமீட்டர்ல நம்ம புளோக் கீழ ஃபுட்பாத்துல சைக்கிள் விட்டா இன்னைக்கும் சிங்கப்பூர்ல அது தப்பு, அங்க வரம்பு 10தான். அர்னால்டு இன்னைக்கு வந்து ஈசூன் ஃபுட்பாத்துல போனாலும் மாட்டுவாரு.

அவரைப் பிடிச்சப்ப அந்தக் குத்தத்துக்கு 'ஸ்பீடிங்'னு ஒத்தை வார்த்தை பேரு இன்னும் நிலைக்கல. கார் பெருகி, வரம்பு பெருகி, பிடிக்கிறதும் பெருகினப்புறம், 20ஆம் நூற்றாண்டு பொறந்த முதல் சில வருஷத்துலதான் வண்டியை வரம்புக்கு மேல ஓட்டுறதுங்கற அர்த்தத்துல அந்த வினை புழக்கத்துக்கு வருது. அதாவது குத்தம் முதல்ல, பேரு பின்னாடி. அந்தப் பேருக்குள்ள 'மீறல்'னு எந்த எழுத்தும் இல்லைங்கறதைக் கவனிங்க, வெறும் 'வேகமா போறது'தான் இருக்கு, மீறினதுங்கறது கேக்குறவன் மனசுல தானா சேர்ந்துக்குது. சட்டத்தை எழுதுறவங்களுக்கு இது பத்தாதுன்னு தெரியும், அதனால நம்ம சாலைப் போக்குவரத்துச் சட்டத்துல 63ஆம் பிரிவு வேகத்தைப் பத்திப் பேசுறப்போ வரம்பைத் தாண்டுறதுன்னு பிரிச்சுத்தான் சொல்லும். பக்கத்து வீட்டு மொழிங்களும் அப்படித்தான். சீனத்துல 'சாவ் சூ', முதல் எழுத்து மிஞ்சுறது, ரெண்டாவது வேகம். மலாய்ல வரம்புக்கு 'ஹாட் லாஜு', அதைத் தாண்டுறதுன்னு முழுசா சொல்லுவாங்க. இங்கிலீஷ் மட்டும்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டுப் போயிருக்கு, அந்தச் சோம்பேறித்தனம்தான் உங்க தம்பி தலையில விடிஞ்சிருக்கு.

தமிழுக்கு வருவோம். வேகத்துக்கு நம்மகிட்ட வார்த்தை பஞ்சமே இல்ல. "கதழ்வும் துனைவும் விரைவின் பொருள"ன்னு தொல்காப்பியம் ரெண்டு வார்த்தையை எடுத்து வச்சு இதுக்கு அர்த்தம் விரைவுன்னு சொல்லுது, கடின்னு ஒரு சொல்லுக்கு பத்து அர்த்தம் அடுக்குறப்போ அதுல ஒன்னு விரைவு. கதழ்வும் துனைவும் இன்னைக்கு யாருக்கும் தெரியாது, கடி மட்டும் 'கடிது', 'கடுகி வந்தான்'னு எழுத்துல உயிரோட இருக்கு, இலங்கைத் தமிழ்ல எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு 'கடுகதி'ன்னு அழகா ஒரு பேரு உண்டு. நம்ம சிங்கப்பூர்ல விரைவுக்கு நல்ல மரியாதை, எம்ஆர்டி பெருவிரைவு ரயில், எக்ஸ்பிரஸ்வே விரைவுச்சாலை. விரைவுங்கற வார்த்தை கோர்ட்டுப் படி ஏறி நான் பார்த்ததே இல்ல, "விரைந்து வந்து உதவினார்"னு பாராட்டுதான் வாங்கும். கோர்ட்டுக்குப் போறது வேகம். அது சமஸ்கிருதத்துலேர்ந்து வந்து நம்ம வீட்டுப் பிள்ளையாவே ஆகிடுச்சு, மருந்து வேகம், விஷ வேகம், வெள்ளத்தோட வேகம்னு எல்லா இடத்துலயும் கொஞ்சம் பயத்தோடதான் உக்காந்திருக்கும். அதனாலதான் தமிழ்நாட்டு ரோட்டோரத்துல "மித வேகம் மிக நன்று"ன்னு எழுதி வச்சிருக்காங்க, "மித விரைவு"ன்னு எவனும் எழுதமாட்டான், காதுக்கே ஒட்டாது.

உங்களுக்குக் கிடைச்ச மூணு வார்த்தையையும் இப்ப ஒவ்வொன்னா தூக்கிப் போடுறேன்.

போன்ல வந்த 'வேகப்படுத்துதல்' வேற ஆளு. இங்கிலீஷ்ல 'ஸ்பீடிங் அப்'புன்னு ஒன்னு இருக்கு, மெதுவா நடக்குற வேலையை முடுக்கி விடுறது, அதுக்குத்தான் இது. "வேகப்படுத்தியதற்கு வருந்துகிறேன்"னு தம்பி எழுதிக் குடுத்தாருன்னா முதலாளி எதை வேகப்படுத்தினே, கட்டடத்தையான்னு சந்தோஷப்பட்டு கைகுடுத்தாலும் குடுப்பாரு. இங்கிலீஷ்லயே ரெண்டுக்கும் இறந்த காலம் வேறயா போகும், கார் பறந்துச்சுன்னா 'ஸ்பெட்', வேலையை முடுக்கினா 'ஸ்பீடட் அப்', பொண்ணுகிட்ட கேளுங்க அவளுக்கு எக்ஸாம்ல வந்திருக்கும்.

'அதிவேகம்' கேக்க சரியா இருக்கற மாதிரிதான் இருக்கும், செய்தியில கூட வரும், நானே முன்னாடி போட்டிருக்கேன். இப்ப போடுறதில்ல. ஏன்னா அதுல குத்தம் இல்ல. அதிவேக இணையம்னு விளம்பரம் பண்றான், மாசம் இத்தனை வெள்ளின்னு காசு வாங்குறான், இலங்கையில எக்ஸ்பிரஸ்வேக்கே 'அதிவேக நெடுஞ்சாலை'ன்னுதான் பேரு, யாழ்ப்பாணத்துலேர்ந்து வந்த ஒருத்தருகிட்ட அதிவேகத்துல போனான்னு சொன்னா எந்த எக்ஸிட்ல இறங்கினான்னு கேப்பாரு. அதுக்கும் மேல, உங்க தம்பி அதிவேகமாவே போகல, 82 யாரு கண்ணுக்கும் அதிவேகம் இல்ல. அவரு கையெழுத்து போடுற பேப்பர்ல அவரு மனசாட்சிக்கே ஒட்டாத வார்த்தையைப் போடுவானேன்.

மூணாவது, பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன 'தாறுமாறாக'. தங்கச்சி, தயவு செஞ்சு இதை மட்டும் போட்டுடாதீங்க. தாறுமாறா, கண்மூடித்தனமா, ஆபத்தா, கவனமில்லாம, இதெல்லாம் அதே சட்டத்துல வேற பிரிவுங்க, 64, 65. தண்டனையும் வேற, ஜெயில் வரைக்கும் போகும். ஸ்பீடிங்ங்கறது எத்தனை கிலோமீட்டர் கூடுதல்னு பார்த்து அபராதம், தப்புக்கு லைசென்ஸ்ல ஏத்துற டீமெரிட் பாயிண்ட்டுன்னு போற விஷயம், அதிகமா மீறினா அதுவும் கோர்ட்டுக்குப் போகும்தான், ஆனா குத்தம் வேற குத்தம். அவரு ஒரே லேன்ல சீரா ஓட்டியிருக்காரு, யாரையும் இடிக்கல, அண்ணன் ரெண்டு வரி அழகா இருக்கட்டுமேன்னு சொன்ன வார்த்தையை கம்பெனிக்காரங்க அப்படியே 'ரெக்லெஸ்'னு இங்கிலீஷ்ல மாத்தி ஃபைல்ல வச்சா, நாளைக்கு வேற ஏதாவது பிரச்சனைன்னு வர்றப்போ அந்தப் பேப்பர் பேசும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு, அது என் தப்பு. வேலைக்கு வந்த புதுசுல ஒரு விபத்து விசாரணைக்கு வாய்மொழிபெயர்ப்புக்குப் போயிருந்தேன். வேன் ஓட்டினவரு, வயசானவரு, நடுங்கிக்கிட்டே "நான் கொஞ்சம் வேகமாத்தாங்க வந்தேன்"னாரு. நான் படக்குன்னு "ஐ வாஸ் ஸ்பீடிங்"னு சொல்லிட்டேன். எதிர்ல இருந்தவரு பேனாவை எடுத்துட்டாரு. என் பக்கத்துல எனக்கு வேலை பழக்க வந்திருந்த சீனியர் அக்கா ஒருத்தவங்க, குறுக்க பேசக்கூடாதுங்கற விதியையும் மீறி, மறுபடியும் அவரையே கேளுங்கன்னாங்க. கேட்டா அவரு சொல்றாரு, வீட்ல பேரப்பிள்ளைக்கு காய்ச்சல், வழியில டீ குடிக்க நிறுத்தாம நேரா வந்துட்டேன், அதைத்தான் வேகமா வந்தேன்னு சொன்னேன்னு! நாம "வேகமா வாங்க சாப்பாடு ஆறிடும்"னு சொல்ற வேகம் அது. அந்த மனுஷன் வாயில இல்லாத ஒரு ஒப்புதலை நான் ரெண்டு செகண்டுல அவரு வாயில வச்சுட்டேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடல. அதுலேர்ந்து தமிழ்ல 'வேகமா'ன்னு வந்தா நான் இங்கிலீஷ்ல 'ஃபாஸ்ட்'டுன்னுதான் சொல்லுவேன், 'ஸ்பீடிங்'னு சொல்றதுக்கு முன்னாடி அவரு நம்பரைச் சொல்லணும், இல்ல வரம்பைச் சொல்லணும்.

இதுல இன்னொரு கோளாறு, நம்ம ஆளுங்க தமிழ் பேசுறப்போ போடுற 'ஸ்பீடு' இங்கிலீஷ் ஸ்பீடு கிடையாது, அது தமிழ் ஸ்பீடு. "பையன் ரொம்ப ஸ்பீடு"ன்னா பையன் கெட்டிக்காரன், சொன்ன வேலையை டக்குன்னு முடிப்பான்னு அர்த்தம், பாருங்க அந்த ஆயிரம் வருஷத்துப் பழைய அர்த்தம் நம்ம காப்பிக்கடையில உக்காந்திருக்கு. "ஸ்பீடு அடிக்கிறான்"னா ஆளு சேட்டை பண்றான். அதனால தமிழ்ல ஒருத்தரு ஸ்பீடுன்னு சொல்றாருன்னு அதை அப்படியே தூக்கி இங்கிலீஷ்ல வச்சுடக்கூடாது, வேஷம் ஒன்னு ஆளு வேற. போதைப்பொருள் பேச்சுல வர்ற ஸ்பீடு வேற கதை, அது இங்க வேண்டாம்.

அப்ப என்னதான் போடுறது? எழுத்துல 'வேக வரம்பை மீறி ஓட்டுதல்', சுருக்கமா வேணும்னா 'வேக வரம்பு மீறல்'. நீளமா இருக்கேன்னு நினைக்காதீங்க, அதுல ஒரு வார்த்தையும் வீண் இல்ல. வரம்புங்கறது வயல் வரப்புதான், உங்க தம்பி ஊர்க்காரரு அவருகிட்ட இதை விளக்கவே வேண்டாம். பக்கத்து வயல்காரன் வரப்புல எவ்வளவு மெதுவா நடந்து அந்தப் பக்கம் கால வச்சாலும் கால வச்சது கால வச்சதுதான். உங்க வண்டிக்கு வரப்பு எங்க இருக்குன்னு மட்டும்தான் கேள்வி, காருக்கு வரப்பு 90ல, பெரிய லாரிக்கு 60ல. நேத்து ஒரு டிரைவர் தம்பிக்கு இப்படித்தான் சொன்னேன், "அட இவ்வளவுதானாக்கா"ன்னாரு. வாய்ப் பேச்சுல ஸ்பீடிங்கை ஸ்பீடிங்னே சொல்லிட்டுப் போங்க, "ஸ்பீடிங் சம்மன் வந்துடுச்சு"ன்னா புரியாத தமிழன் இந்த ஊர்ல இல்ல, அதை மாத்தச் சொல்லி நான் யாரையும் தொந்தரவு பண்றதில்ல.

வரப்பைத் தாண்டினது ஒரு நொடி விஷயமும் இல்ல, இதையும் தம்பிகிட்ட சொல்லுங்க. கேமராவுக்கு முன்னாடி பிரேக் போட்டுட்டு தாண்டினதும் மிதிக்கிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. 2018 கடைசியில தானா மேரா கோஸ்ட் ரோட்ல ஆவரேஜ் ஸ்பீட் கேமரா வச்சாங்க, அது உள்ள நுழையுற நேரத்தையும் வெளிய போற நேரத்தையும் எடுத்து நடுவுல சராசரி என்னன்னு கணக்கு போடும், பிரேக் போட்டு ஏமாத்துற வேலை அங்க செல்லாது.

கம்பெனிக்கு எழுத ஒரு மாதிரி தர்றேன், அவரு மனசுக்கு சரின்னு பட்டா மட்டும் எடுத்துக்கட்டும்:

"எஸ்எல்இ விரைவுச்சாலையில் நான் ஓட்டிய லாரியின் வேகம் மணிக்கு 82 கிலோமீட்டர் என்று அறிவிப்பில் பதிவாகியுள்ளது. என் லாரிக்கு உரிய வேக வரம்பு மணிக்கு ... கிலோமீட்டர். சாலையில் இருந்த 90 என்ற பலகை என் வண்டிக்கும் பொருந்தும் என்று நினைத்திருந்தேன். அப்போது வேறு வாகனத்துடன் மோதலோ யாருக்கும் காயமோ இல்லை."

இது கம்பெனிக்கு மட்டும். போலீஸ்கிட்ட ஒத்துக்கிறதா, முறையீடு பண்றதாங்கறது அவரு முடிவு, அதுல சந்தேகம் இருந்தா வக்கீலைப் பாருங்க, நான் வார்த்தைக்காரி, வக்கீல் இல்ல. நோட்டீஸ்ல போட்ட தேதிக்குள்ள ஏதோ ஒன்னு பண்ணியாகணும், கம்பெனி பார்த்துக்கும்னு விட்டுடாதீங்க. 24 மாசத்துல 24 பாயிண்ட் சேர்ந்தா லைசென்ஸ் முடங்கும், 2026 ஜனவரி 1லேர்ந்து ஸ்பீடிங்குக்கு அபராதமும் பாயிண்ட்டும் ரெண்டுமே கூட்டிட்டாங்க, லாரி ஓட்டுறவருக்கு லைசென்ஸ் போச்சுன்னா சோறு போச்சு. இன்னொன்னு, கம்பெனியில இங்கிலீஷ்ல மாத்தினதும் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க. பொண்ணை உக்கார வச்சு படிக்கச் சொல்லுங்க, 'ராஷ்', 'ரெக்லெஸ்', 'டேஞ்சரஸ்' இந்த மூணுல எது கண்ணுல பட்டாலும் இது எங்க மாமா சொல்லலன்னு திருப்பி அனுப்பச் சொல்லுங்க, நாடகத்துல நடிக்கிற பிள்ளை, தைரியமா சொல்லும்.

அந்த மாதிரிக் கடிதத்துல புள்ளி வச்சு விட்டிருக்கேன் பாருங்க, அது நீங்க எழுதின கடுதாசியிலயே இல்லாத நம்பர். 82 எழுதியிருக்கீங்க, 90 எழுதியிருக்கீங்க, லாரிக்கு எத்தனைன்னு எழுதல. தம்பி வேலை முடிஞ்சு வந்ததும் லாரி பின்னாடி போய் அந்த வட்டத்துல 60 இருக்கா 70 இருக்கான்னு பார்த்துட்டு வரச் சொல்லுங்க, நோட்டீஸ்ல போட்டிருக்கற வரம்போட அது ஒத்துப்போகுதான்னும் பார்க்கச் சொல்லுங்க. ஒத்துப்போகலன்னா உடனே எனக்கு இன்னொரு வரி எழுதுங்க, அப்ப கடிதமே வேற மாதிரி எழுதணும்.